மூன்று வேட்பாளர்களின் ரீடிங்

மின்சார அலுவலகத்தில் அவரை ரீடிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறிப்பவர். யாரைப் பற்றிப் பேசினாலும், "போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு?" என்று கேட்டு உயிரை வாங்குவார். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம், அதே அளவு எரிச்சலும் உண்டு.

தேர்தல் என்றாலே கொட்டாவி விடுகிறவர், இந்தத் தடவை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். காரணம் அவர் மகள். அவள் ஐந்து வருடமாக ஒரு நர்சரி டீச்சரோடு குடும்பம் நடத்துகிறாள். போன மாதம் டீச்சருக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட மகள் போனால், "நீங்க யாரு அவங்களுக்கு?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். டீச்சரை என்றோ கைகழுவிவிட்ட அவளுடைய கூடப்பிறந்தவனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. அடுத்த வருடம் இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதைக் குடும்பமாகப் பதிவுசெய்யும் சட்டம், ஜெயித்து வருகிறவர்கள் கையில்தான் இருந்தது.

அண்ணன் பழைய ரீடிங் நோட்டில் கட்டம் போட்டார். முந்தையது, இப்போதையது, வித்தியாசம். ஓட்டுக் கேட்டு வந்தவர்களை மறித்து நிறுத்தினார். முதல் வேட்பாளர் ஒரு டாக்டர், போன தேர்தலில் இதை நோய் என்றவர். இப்போது, "அவங்களும் மனுஷங்கதானே" என்று சிரித்தார். சட்டத்துக்குக் கை தூக்குவாரா என்றால், "பார்க்கலாம்." இரண்டாவது ஒரு காண்டிராக்டர். அன்று இப்படிப்பட்ட ஜோடிகளோடு ஊர்வலத்திலேயே நடந்தவர், இன்று அந்தப் பேச்சை எடுத்ததும் காரில் ஏறிவிட்டார். மூன்றாவது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. "போன தடவை சட்டசபையில இதை எதிர்த்து ஓட்டுப் போட்டேன். தப்புதான். இந்தத் தடவை ஆதரிப்பேன்" என்றார். அண்ணன் விடவில்லை. "எழுதிக் குடுங்க." அந்த அம்மாளும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நோட்டை மகளிடம் கொடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐந்து வருடத்தில் அந்த வீட்டுக்கு முதல் தடவை. வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். சொல்ல வேண்டியதை எல்லாம் நோட்டே சொல்லிவிடும் என்று நினைத்தார், மண்டு.

மகள் நின்றபடியே படித்தாள். "ஒரு ஆள் விட்டுப்போச்சேப்பா."

"மூணு பேர்தாம்மா நிக்கறாங்க."

அவள் பேனாவை வாங்கி நாலாவது வரிசையில் 'அப்பா' என்று எழுதினாள். முந்தையது: 'அவளைக் கூட்டிட்டு என் வீட்டு வாசப்படி மிதிக்காதே.' 'இப்போதையது' கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பேனாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணன் பேனாவைத் திறந்தார், மூடினார். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில், "அந்தப் பொண்ணு எங்க இருக்கு?" என்றார்.

உள்ளே டீச்சர் அவரைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"படும்மா, படு" என்றார். "சட்டம் வந்தா நல்லது. வரலைன்னா, அடுத்த ஆபரேஷனுக்கு நான் வர்றேன். யாருன்னு கேட்டா, உன்னைப் பெத்த அப்பன்னு எழுதிக் குடுத்துடறேன்."

எந்த அதிகாரி மிரட்டியும் நோட்டில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாத மனிதர் அவர். நான் மெல்ல வெளியே வந்து, காலடியில் கிடந்த செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.