மாட்டுக்கொட்டகையில் நாலு பேர்

ஊரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. கண்ணாத்தாள் போகவில்லை.

நன்னிலத்துக்குக் கிழக்கே நாலு மைலில் இருக்கும் வடகரைக்கொல்லையில், அந்த ஐப்பசிச் சனிக்கிழமை காலையிலேயே தலையாரி முருகையன் தெருத் தெருவாகத் தமுக்கடித்துச் சொல்லிவிட்டார். மத்தியானம் புயல் கரையேறும், கூரை வீட்டுக்காரர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும், கஞ்சி உண்டு. கண்ணாத்தாள் வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். "கஞ்சிக்குத் தொட்டுக்க என்ன?" என்றாள். முருகையன் தமுக்கை அடித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

நகராததற்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை ரெவினியூ இன்ஸ்பெக்டர் மனை பார்க்க வருகிறார். பண்ணையாட்கள் காலங்காலமாகக் குடிசை போட்டிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மெட்ராஸிலிருந்து நன்னிலம் வரைக்கும் சட்டம் சீக்கிரம் வந்துவிட்டது. அங்கிருந்து இந்த நாலு மைல் வரத்தான் மூன்று வருஷம். தெருவில் பதினேழு குடிசை. பதினாறுக்கு யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. பதினேழாவது கண்ணாத்தாளுடையது. பண்ணையின் களத்துக்கு வண்டி போகிற வழியில், மூலையில் இருந்தது. அதற்கு மட்டும் காரியஸ்தர் செல்லத்துரை மனு கொடுத்திருந்தார். அது வீடே அல்லவாம், பண்ணையின் மாட்டுக்கொட்டகையாம். மேற்படி கண்ணாத்தாள் கும்பகோணத்தில் மகன் வீட்டில் வசிக்கிறாளாம்.

மகன் கும்பகோணத்தில் டவுன் பஸ் கண்டக்டர் என்பது உண்மை. போன தையில் அவள் அங்கே போனதும் உண்மை. நாலே நாள். ஐந்தாம் நாள் திரும்பி வந்து, "தண்ணி குழாயில வருது, வெளிச்சம் கம்பியில வருது, பேசத்தான் ஒரு ஆளும் வரமாட்டேங்குது" என்றாள். அந்த நாலு நாளைத்தான் செல்லத்துரை மனுவில் நாலு வருஷமாக நீட்டிவிட்டார்.

கண்ணாத்தாளுக்கு அப்போது ஐம்பது இருக்கலாம். அவளைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்வாள். ஒன்பது வயதில் நாற்றுக்கட்டு சுமந்தவள். நடவில் அவள் பக்கத்தில் நிற்பதற்கே பெண்களுக்குள் போட்டி இருக்கும். நேரம் போவதே தெரியாது, அப்படிப் பேசுவாள். கூலி நெல் அரை மரக்கால் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் பதினோரு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு, "மூணு வேளைச் சோறு, ஒரு வேளை கூட நாத்து நடல" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். பண்ணைக்காரர்களை 'ஆண்டே' என்று கூப்பிடுவதைத் தெருவில் முதலில் நிறுத்தியவள் அவள்தான். களத்தில், எல்லார் முன்னாலும், செல்லத்துரையை 'அய்யா' என்று கூப்பிட்டாள். மரியாதைக் குறைவு என்று புகார் போனது. "அப்பனைக்கூட அய்யான்னுதான் கூப்புடுவேன். அதுக்குமேல மரியாதை எங்கிட்ட இல்லீங்களே" என்றாள்.

குடிசை அவளும் அவள் புருஷன் மருதையனும் வாய்க்கால் மண்ணை மிதித்துக் கட்டியது. மருதையன் போய் எட்டு வருஷம். புயலில் கூரை போய்ச் சுவர் கரைந்துவிட்டால், திங்கட்கிழமை அங்கே வெறும் சேறுதான் இருக்கும். இதைச் செல்லத்துரையும் யோசித்திருந்தார். வெள்ளிக்கிழமையே இருபது மூங்கிலும் இரண்டு சுருள் கயிறும் ஒரு வண்டி முள்ளும் கொண்டுவந்து வயலோரம் போட்டிருந்தார். குடிசை விழுந்த நிமிஷம் வேலி எழும்பிவிடும்.

பத்து மணிக்கு ரெங்கம்மாள் வந்தாள். நடவுக்கூட்டத்துச் சிநேகிதி, கனத்த உடம்பு, எதற்கும் பயம்.

"ஏண்டி, எல்லாரும் போயாச்சு. எந்திரிடி."

"நீ போ. நான் வீட்டுக்குக் காவல்."

"வீடு உனக்குக் காவலா, நீ வீட்டுக்குக் காவலா? மேல விழுந்தா என்ன பண்ணுவ?"

"உன்னை மாதிரி ஒரு ஆளு கூட இருந்தா எப்படி விழும்? தூக்க முடியாம காத்தே திரும்பிடும்."

ரெங்கம்மாள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். அப்புறம் எழவில்லை.

பதினொரு மணிக்கு மீரா உசேன் வந்தார். நாகூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவந்து விற்பவர். பதினைந்து வருஷப் பழக்கம். பஸ் நின்றுவிட்டது, எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. கருவாட்டுக் கூடையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"மனுஷன் வரலாம், கூடை வரக்கூடாதுங்கறாங்கக்கா. கூடையில்லாம நான் எப்ப மனுஷனா இருந்தேன்?"

"உள்ள வா தம்பி. இது மாட்டுக்கொட்டகைதானாம். எல்லாம் வரலாம்."

அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். புயல் நாகைக்குக் கிழக்கே நூற்றைம்பது கிலோமீட்டரில் இருந்தது. அரை மணி கழித்தும் நூற்றைம்பதில்தான் இருந்தது.

"நம்ம பத்தரை மணி பஸ் மாதிரிதான் போல. வருது வருதும்பான், பாலத்துலயே நிப்பான்" என்றாள் ரெங்கம்மாள்.

"இல்லக்கா. நம்ம ஊரு தேடி வரணும்ல. கெஜட்டுலயே நம்ம ஊரு இல்ல" என்றார் மீரா உசேன்.

"ஓட்டுக் கேக்க வர்றவனுக்கு மட்டும் எப்படி வழி தெரியுது?" என்றாள் கண்ணாத்தாள். "அதை விடு. எந்திரிங்க ரெண்டு பேரும். சும்மா ஒக்காந்து பேசினா குளுரும். வெளியில யாரோ நமக்காக மூங்கில் போட்டிருக்காங்க."

முக்கால் மணி நேரத்தில் பதினான்கு மூங்கில் உள்ளே வந்துவிட்டது. சுவருக்கு முட்டாக எட்டு, கூரைக்குக் குறுக்காக ஆறு. கூரை உச்சியின் மோட்டுவளையில் கயிற்றைக் கட்டி நாலு முனையைத் தொங்கவிட்டாள். இரண்டு முனையை உரலிலும் ஆட்டுக்கல்லிலும் கட்டியாயிற்று. இரண்டு மிஞ்சியது.

"இதுக்குக் கல்லு?" என்றாள் ரெங்கம்மாள்.

கண்ணாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ச்சீ போடி!"

ஒன்றரை மணிக்கு மழை அடிக்கத் தொடங்கியது. இரண்டு மணிக்குக் காற்று. வயலில் தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே ஓடியது. அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல்.

"உள்ள யாரு? இன்னும் போகலியா நீ?"

செல்லத்துரைதான். குடிசை விழுந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர். பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். காற்றுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. குடை தலைகீழாகி, கம்பி மட்டும் கையில் இருந்தது. பின்னால் புளியமரத்துக் கிளை ஒன்று முறிந்து அவர் வந்த வழியிலேயே விழுந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வருமுன் அவர் உள்ளே வந்து நின்றார்.

"வாங்கய்யா" என்றாள் கண்ணாத்தாள். "ஒக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மேலே பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"இது எங்க மூங்கில் இல்ல?"

"ஆமாங்க. காத்துல போயிடுமேன்னு பத்திரமா எடுத்து உள்ள வச்சோம்."

"கயிறு?"

"அதுவும் பத்திரமாத்தாங்க இருக்கு. நீங்களே புடிச்சுப் பாருங்க."

பிடித்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அடுத்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கியது. கீற்றெல்லாம் படபடத்தது, மோட்டுவளை ஒரு சாண் எழும்பி இறங்கியது. ரெங்கம்மாளும் மீரா உசேனும் பாய்ந்து ஒரு கயிற்றில் தொங்கினார்கள். இன்னொரு கயிற்றைக் கண்ணாத்தாள் பிடித்தாள். கூரை அவளையும் சேர்த்துத் தூக்கியது.

"அய்யா! புடிங்க! கூரை போனா நாலு பேரு தலையும் போயிடும்!"

செல்லத்துரை பிடித்தார். பண்ணைச் சாப்பாட்டில் இருபது வருஷம் ஊறிய உடம்பு. கூரை அடங்கி உட்கார்ந்தது. கண்ணாத்தாள் கையை உதறிக்கொண்டு தள்ளி நின்று, சந்தையில் மாடு பிடிக்கிறவள் மாதிரி திருப்தியோடு பார்த்தாள்.

"இப்படியே இருங்க. ஆட்டுக்கல்லைவிட நல்லாருக்கு."

இரண்டரை மணி நேரம் அவர் அப்படியே இருந்தார். எந்தக் குடிசை விழ வேண்டும் என்று முதல் நாள் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாரோ, அதே குடிசை நிற்க வேண்டும் என்று அதே பிள்ளையாரைக் கூப்பிட்டார். அவர் சுத்த சைவம். காலடியில் மீரா உசேனின் கூடை திறந்து கிடந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினார், கயிற்றை விடவில்லை.

"வாளைங்க அது. நல்ல சரக்கு" என்றார் மீரா உசேன் ஆறுதலாக.

"பேசாம இருய்யா!"

"இவ்வளவு மூச்சு வாங்கக்கூடாதுங்கய்யா" என்றாள் ரெங்கம்மாள். பயம் போய் அவளுக்கு வாய் வந்திருந்தது. "நாத்துக்கட்டு தூக்கிப் பழகியிருந்தா சுலபமா இருக்கும்."

நாலரை மணிக்கு முன்பக்கச் சுவர் சரிந்தது. கூரை விழவில்லை, மூங்கிலில் முட்டி, வாசலை மூடிக்கொண்டு சாய்ந்து நின்றது. காற்று குறைந்தது. வெளியே முழங்காலுக்குமேல் தண்ணீர். உள்ளே நாலு பேர், உயிரோடு, வெளியே வர வழியில்லாமல்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் குரல் கேட்டது. காரியஸ்தரைக் காணோம் என்று அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்கு வந்து அழுதிருக்கிறாள். புயல் வேலைக்காக அங்கேயே தங்கியிருந்த ரெவினியூ இன்ஸ்பெக்டர், முருகையனையும் பத்துப் பதினைந்து பேரையும் கூட்டிக்கொண்டு தேடி வந்திருக்கிறார்.

"காரியஸ்தரே! எங்க இருக்கீங்க?"

ரெங்கம்மாள் வாயைத் திறந்தாள். கண்ணாத்தாள் பொத்தினாள். "அவங்க அய்யாவைத்தானே கூப்புடுறாங்க. அய்யா சொல்லட்டும்."

"இங்க இருக்கேன்!" என்று கத்தினார் செல்லத்துரை.

"இங்கன்னா எங்க?"

"வயலோரம்!"

"எல்லாம் தண்ணியாக் கெடக்குதுங்க! எந்த வயலு?"

குடிசைக்குள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். செல்லத்துரை கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்: "கொட்டகை! மாட்டுக்கொட்டகை!"

"ஆ! கேட்டுச்சு! கொட்டகையாம்! வாங்க வாங்க!" என்று முருகையன் குரல் உற்சாகமாகக் கேட்டது. தண்ணீர் சளப்புச் சளப்பென்று மிதிபடும் சத்தம். நெருங்கவில்லை, விலகியது. பண்ணையின் உண்மையான மாட்டுக்கொட்டகை ஊருக்கு அந்தக் கடைசியில் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கொட்டகை அது ஒன்றுதான்.

"போறாங்க" என்றார் மீரா உசேன்.

"போகட்டும்" என்றாள் கண்ணாத்தாள். "மாட்டையெல்லாம் எண்ணிப் பாத்துட்டு, நம்ம அய்யா இல்லன்னதும் திரும்பி வருவாங்க. விடியறதுக்குள்ள வந்துடுவாங்க. தம்பி, அந்த வாளையில ரெண்டு எடு. சுடலாம்."

தண்ணீர் உள்ளே கணுக்காலைத் தாண்டியது. தலைக்குமேல் மோட்டுவளை ஒருமுறை முனகியது. செல்லத்துரை மூங்கில் சந்தில் வாயை வைத்து, பண்ணைக் களத்தில் இருபது வருஷமாக ஆட்களை விரட்டிய அந்தத் தொண்டையை முழுசாகத் திறந்தார்.

"கண்ணாத்தா வீடு! கண்ணாத்தா வீட்டுல இருக்கேன்!"

சளப்புச் சத்தம் நின்றது.

"எங்க?"

"கண்ணாத்தா வீட்டுலய்யா! கண்ணாத்தா வீடு! கண்ணாத்தா வீடு!"

மூன்று தரம். பள்ளிக்கூடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். தேடி வந்த கூட்டத்துக்கு நன்றாகவே கேட்டது. ஐந்து நிமிஷத்தில் கூரையைத் தூக்கி அவரை வெளியே இழுத்தார்கள். இன்ஸ்பெக்டரே கை கொடுத்தார்.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. இன்ஸ்பெக்டர் அளவுச் சங்கிலியும் காகிதமுமாக வந்தார். மூன்று சுவரும் சாய்ந்த கூரையும் இருந்தன. வாசல் இருந்த இடத்தில் கண்ணாத்தாள் அடுப்பைப் போட்டு உலை வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் ஆட்சேபணை மனுவை எடுத்து நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, செல்லத்துரையைப் பார்த்தார்.

"இதுல மாட்டுக்கொட்டகைன்னு இருக்கே?"

செல்லத்துரையின் கையில் கயிறு அறுத்த காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தது. சுற்றிலும் தெரு முழுக்க நின்றது. தலையாரி முருகையன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, மாடு கூப்பிடுவதுபோல் மெதுவாக, "அம்ம்மா" என்றார்.

"அது... எழுதினவங்க ஏதோ தப்பா..." என்றார் செல்லத்துரை.

"சரி, வாபஸ்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். ஊரில் சிலர் அவர் அதற்காகப் பண்ணையில் வாங்கிக்கட்டிக்கொண்டதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கண்ணாத்தாள் அதில் சேரமாட்டாள். "அவரும் பண்ணையாளுதானே" என்பாள்.

மனையை அளந்து முடித்து இன்ஸ்பெக்டர் செக்குபந்தி எழுதினார். நாலு எல்லையும் எதெது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பண்ணை நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு..."

"எங்க வீடு எங்க இருக்குன்னு சொல்ல அவங்க நிலத்தை எழுதணுமா?" என்று கண்ணாத்தாள் கேட்டாள்.

"பின்ன? எல்லை வேணும்ல."

"அப்ப நாளைக்கு அவங்க அந்த நிலத்தை வித்தா, அந்தப் பத்திரத்துல?"

"கண்ணாத்தாள் மனைக்குக் கிழக்குன்னு எழுதுவாங்க. எழுதித்தான் ஆகணும்."

கண்ணாத்தாள் அடுப்பைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"அய்யா" என்று செல்லத்துரையைக் கூப்பிட்டாள். "நல்ல விலை வந்தாக் குடுத்துடச் சொல்லுங்க. ரொம்ப யோசிக்க வேணாம்."