வீட்டுச் செடிக்கு மருந்தில்லை

தொண்ணூறுகளில் ஈரோட்டிலிருந்து காரமடைப் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். மாமனாருக்குத் தோட்டம் முழுக்கக் கறிவேப்பிலை. அத்தனைக்கும் மருந்து அடிப்பார்கள். பூச்சியைக் கொல்லும் விஷத்துக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பேர். சமையலறைக்குப் பின்னால் ஒரே ஒரு செடிக்கு மட்டும் அது கிடையாது. வீட்டுக் குழம்புக்கு இலை அதிலிருந்துதான். இதற்காக அந்த வீட்டில் யாரும் வெட்கப்பட்டதில்லை.

ஒருநாள் அந்தச் செடியில் காக்காய் எச்சம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எச்சம் நகர்ந்தது! அதன்பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கொழுந்தில் தனித்தனியாக மஞ்சள் முட்டை. அதிலிருந்து எச்ச வேஷத்தில் குட்டிப் புழு. இலையைத் தின்று, தோலை உரித்து, கடைசியில் பச்சைப் புழு. தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சள் கொம்பு இரண்டை நீட்டி நாற்றத்தைக் கிளப்பும். சுண்டுவிரல் அளவு இருந்துகொண்டு என்னையே மிரட்டியது. நான் அந்த வீட்டில் வாயே திறக்காத காலம் அது. புழுவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு அது குச்சியோடு தன்னை நூலால் கட்டிக்கொண்டு கூடானது. இலை தின்ற வாய் போய், தேன் உறிஞ்சும் குழலோடு கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சி வெளியே வரும். மூன்று கூடுகள் இருந்தபோது மாமனார் பார்த்துவிட்டார்.

"இங்கிருந்துதான் தோட்டத்துக்குப் பரவுதம்மணி. நாளைக்கு இதுக்கும் மருந்து அடிச்சுப்போடோணும்."

"வேண்டாமுங்க மாமா. மூணு கூடு இருக்குதுங்க."

"பூச்சிக்கு வக்காலத்தா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் ரசம் வைத்தேன். அவர் சோற்றில் கை வைக்குமுன் சொன்னேன்.

"இலை தோட்டத்துதுங்க மாமா. நேத்து மருந்து அடிச்சது."

கையை இழுத்துக்கொண்டார். "ஏனம்மணி, எங்களைக் கொல்லப் பாக்கறயா?"

"காலையில மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டுனீங்களே, அதே இலைதானுங்க."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். மாமியார் சாயங்காலம் வரை திட்டினார். ரசத்தை நானே கொட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

வீட்டுச் செடிப் பக்கம் மருந்து வரவில்லை. மூன்று கூடுகளும் திறந்தன. மூட்டைகள் மட்டும் வழக்கம்போல் லாரி ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.