தலையாட்டிய பச்சை விளக்கு

வெலிசார் ஜெர்மனியிலிருந்து திரும்பியபோது இரண்டு சாமான்கள் கொண்டுவந்தான். ஒன்று ட்ரோன். இன்னொன்று அந்த ஊர்த் தலையாட்டல். எங்கள் பல்கேரியாவில் சரி என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம்; வேண்டாம் என்றால் மேலும் கீழும். அங்கே நேர்மாறு. பல வருடம் அங்கே கூரை வேலை பார்த்தவனுக்குக் கழுத்தே மாறிவிட்டது. என் கடையில் “இன்னொரு கிளாஸ் ஊத்தட்டுமா?” என்று கேட்டால் மேலும் கீழும் ஆட்டுவான். நான் ரக்கியாச் சாராய பாட்டிலை மூடி வைத்துவிடுவேன். அப்புறம் முறைப்பான்.

“இன்னிக்கு எந்த ஊர்த் தலைய மாட்டிட்டு வந்திருக்கே?” என்று அவனுடைய தாய்மாமன் ஸ்டாமென் வம்புக்கு இழுப்பார். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான்.

ட்ரோனை வைத்துக் கல்யாணங்களைப் படமெடுப்பான். குளிர்காலத்தில் எந்த வீட்டுக் கூரையில் சூடு வீணாகிறது என்று வெப்பக் கேமராவில் பார்த்துச் சொல்வான். இருட்டில் பறக்கவிட்டால் பச்சை விளக்கு மினுங்க வேண்டும், கண்ணை விட்டு மறையக் கூடாது, ஹெலிகாப்டர் வந்தால் இறக்கிவிட வேண்டும் என்பது சட்டம். இவனுக்கு அது வேதம். “படத்துல என் பொண்டாட்டி பச்சையா தெரியறாடா” என்று ஒரு மாப்பிள்ளை கெஞ்சியும் விளக்கை அணைக்கவில்லை. பச்சை மினுங்கினால் வெலிசார் என்று ஊருக்கே தெரியும்.

போன அக்டோபரில் காளான் பறிக்க மலைக்குப் போன ஸ்டாமென் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. அவர் மனைவி தோன்கா அழுதுகொண்டே என் கடைக்கு வந்தாள். வெலிசார் ட்ரோனைப் பள்ளத்தாக்குக்கு மேலே ஏற்றினான். வெப்பக் கேமராத் திரையில், எதிர்ப் பாறை விளிம்பில் ஆள் உருவம் வெள்ளையாகத் தெரிந்தது. மீட்புக்காரர்களுக்கு உடனே இடத்தைச் சொன்னான்.

“ஹெலிகாப்டர் கிளம்பிடுச்சு. உங்க ட்ரோனை இறக்குங்க” என்றது போன்.

“ஆள் கண்ணு முன்னாடி இருக்காரு சார், ரெண்டே நிமிஷம்!”

“இறக்குங்க தம்பி. மோதினா எல்லாரும் காலி.”

திரையில் ஸ்டாமென் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் தன் காலடியைச் சுட்டிக் காட்டினார். இங்கேயே இருக்கட்டுமா என்கிறார். குழந்தைக்குக் கூடப் புரியும். வெலிசார் அவசர அவசரமாக ட்ரோனை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, திருப்பி இறக்கத் தொடங்கினான்.

“அடப்பாவி, வேண்டாம்னு சொல்லிட்டியேடா!” என்று தோன்கா கத்தினாள்.

அவன் முகம் வெளுத்தது. அதற்குள் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுவிட்டது. இனி ஏற்ற முடியாது. கையில் ட்ரோனை வைத்துக்கொண்டு, இருண்ட மலையைப் பார்த்துத் தன் தலையையே பக்கவாட்டில் ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஹெலிகாப்டர் போனபோது பாறையில் ஆள் இல்லை. மூடுபனி இறங்க, அதுவும் திரும்பிவிட்டது. விடிந்த பிறகு, பாறைக்குக் கீழே சரிவில் முதுகெலும்பு முறிந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். இனி நடக்க மாட்டார் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் வெலிசார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமன் சொன்னார்.

“பய ஜெர்மன்காரன் மாதிரி ஆட்டறானோன்னு எனக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சுடா. சேச்சே, மாமனுக்குன்னா நம்ம ஊர்த் தலையைத்தான் ஆட்டுவான்னு கிளம்பி நடந்தேன்.”