முரசுச் சத்தத்தில் விட்ட கை

வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் ஃபோர்மேன். போன வருடம், ஜெர்மனியில் இருக்கும் மகள் என்னையும் என் மனைவி செல்வியையும் வியன்னாவுக்குச் சுற்றிப் பார்க்க அனுப்பினாள். பகலில் அரண்மனைகளைப் பார்த்துவிட்டு, மாலையில் மகள் டிக்கெட் எடுத்துத் தந்த கச்சேரிக்குப் போனோம். அரங்கில் நடக்கிற வழியை ஒட்டிய இருக்கையில் நான் உட்கார்ந்தேன். பாஷை தெரியாத ஊர் என்பதால் செல்வி என் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

மெல்லிய வயலின் இசைக்கு நடுவில் திடீரென்று அண்டா அளவு முரசை ஓங்கி அடித்தார்கள். நிதானம் வந்தபோது நான் மட்டும் வாசல் படியில் நின்றிருந்தேன். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று ஆலையில் தினமும் சொல்கிறவன் நான்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் செல்வியை வெளியே அழைத்து வந்தார். செல்வியின் முகம் வெளுத்திருந்தது.

"கையில இருந்ததப் போட்டுட்டு ஓடிட்டீக. அது ஏங் கைதான?" என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது பஸ்ஸோ, கல்யாண மண்டபமோ, வழிப்பக்கம் செல்வியைத்தான் உட்கார வைக்கிறேன். நான் ஓடுவதானால் அவளை எழுப்பிக்கொண்டுதான் ஓட வேண்டும்.