பானையைப் பார்த்து வாங்கிய கட்டை

குளிக்க வருகிற எல்லாரும் உடுப்பைக் கழற்றிய பிறகுதான் எடை இயந்திரத்தில் ஏறுவார்கள். முள்ளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வெந்நீர்த் தொட்டிக்குப் போவார்கள். மினேகிஷி தொகுயே அக்கா மட்டும் தலைகீழ். பனிக்கோட்டு, கம்பளித் தொப்பி, மண்வாரியும் தண்ணீர்ப் புட்டியும் அடைத்த முதுகுப்பை என்று அத்தனையும் மாட்டிக்கொண்டு, ஸ்கீ பூட்ஸ் இரண்டையும் கழுவித் துண்டில் சுற்றிக் கையில் பிடித்தபடி, பெண்கள் உடைமாற்றும் அறையில் எடை இயந்திரத்தின் மேல் நிற்கிறார். பின்னால் நான்கு பெண்கள் துண்டைக் கட்டிக்கொண்டு குளிரில் நெளிகிறார்கள்.

"அக்கா, இறங்குங்க. இது குளிக்கிற இடம், மூட்டை நிறுக்கிற இடம் இல்ல" என்று நான் காசு வாங்கும் என் மேடையிலிருந்து கத்துகிறேன்.

"இரு சயோ, முள்ளு இன்னும் ஆடுது."

முள் எழுபத்தாறில் நிற்கிறது. அக்கா வெற்றிப் புன்னகையோடு திரும்புகிறார். "பாத்தியா? என் உடம்பு அறுபத்திரண்டுதான். மலைக்குப் போறது எழுபத்தாறு. மலைக்கு என் உயரமா தெரியப்போவுது? பாரம்தான் தெரியும்."

இந்தக் குளியல் கூடத்தில் என் மேடை ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அதனால் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். ஊரில் யார் என்ன எடை என்பது எனக்குத் தெரியும். அதே ஆட்கள் வகாசாவின் ஸ்கீ கடையில் போய் என்ன எடை சொல்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல அரிசி மூட்டை கிடக்கும். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் கூடத்தை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

தொகுயே அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. உயரம் நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். அதையும் கால் விரலை ஊன்றித்தான் சொல்லுவார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மிசோ சூப் கொதிக்கிற பானையில், தன் உயரத்துக்குச் சமமான மரத்துடுப்பைப் போட்டுக் கிண்டிக் கிண்டி, தோள் இரண்டும் படகோட்டித் தோள் ஆகிவிட்டது. குளித்து முடித்தால் ஒரு காப்பிப்பால் புட்டி. இடுப்பில் கையை வைத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார். கடைசிச் சொட்டு விழாமல் நகரமாட்டார். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்படிப்பட்டவரைப் போன குளிர்காலத்தில் ஒரு மலை பாதியில் நிறுத்திவிட்டது. அந்தக் கதை இது.

ஊருக்குப் பின்னால் குதிரைத்தோள் என்று நாங்கள் சொல்லுகிற மலைமுகம் இருக்கிறது. அங்கே ஆளை மேலே இழுத்துப்போகும் கம்பி இல்லை, கொடி நட்ட பாதை இல்லை. வருடத்தில் ஒரே ஒரு முறை, இரண்டு நாள் தொடர்ந்து விழுந்த பொடிப்பனி காற்றில்லாமல் அப்படியே படுத்திருக்கும் காலையில், ஐந்து பேர் நடந்து ஏறிச் சறுக்கி இறங்குவார்கள். தலைவர் ஒனோதெரா அண்ணன், ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டியோட்டி. கீழே காட்டுப்பாதை ஓரத்தில் தெர்மோஸோடு காத்திருப்பது என் வேலை. இறங்கியவர்கள் காலில் மாட்டிய ஸ்கீ கட்டைகளைக் கழற்றிப் பனிக்கரையில் செங்குத்தாக நட்டு, அவரவர் கட்டை நுனியில் ஈரத் தொப்பியை மாட்டிவிட்டு, சூப் குடிப்பார்கள். அந்த வரிசையில் தொகுயே அக்காவின் தொப்பி மட்டும் எப்போதும் தாழத் தொங்கும். "பாலர் வகுப்பு" என்பான் வகாசா.

போன வருடம் அந்தத் தொப்பி வரிசைக்கே வரவில்லை. மலைமுகத்தின் நடுவில் அவருடைய குட்டைக் கட்டைகள் பொடிப்பனிக்குள் முங்கின. குப்புற விழுந்தார், ஒரு கட்டை கழன்று பனிக்குள் காணாமல் போனது. அதைத் தோண்டி எடுக்கும்வரை மற்ற நால்வரும் உச்சியில் தொங்கும் பனிவிளிம்புக்கு நேர்கீழே நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒனோதெரா அண்ணன் அன்று சூப்பைத் தொடாமல் அந்தப் பனிவிளிம்பையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இந்தக் குளிர்காலம் முதல் பனி விழுந்த அன்று, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒனோதெரா அண்ணன் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அக்கா தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குதிரைத்தோளுக்கு நானும் வரேன்."

"வாயேன். கீழ தெர்மோஸப் புடிச்சிக்கிட்டு நில்லு. சயோவுக்குப் பேச்சுத்துணை."

"பேச்சுத்துணையா நிக்கிற வயசு வரும்போது நிக்கிறேன். இப்ப மேல வரேன்."

"போன வருஷம் முங்குனது யாரு, நானா? அத்தன பேரும் தொங்குற பனிக்கு அடியில நின்னோம். அது உடைஞ்சிருந்தா அஞ்சு பேரும் உள்ள."

"முங்குனது நான் இல்ல, கட்டை."

"கட்டை யாரு கால்ல இருந்துச்சு?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் அருகே வந்து நின்றார்.

"அந்தக் கட்டைய எப்படி அளந்தாங்க தெரியுமா? என் மூஞ்சிக்கு நேரா நிறுத்தி, மூக்குக்கு மேல, நெத்திக்குக் கீழ, சரியா இருக்குன்னான் வகாசா. நான் பள்ளிக்கூடத்துல கிண்டுற துடுப்ப என் மூக்கைப் பாத்தா வாங்குனாங்க? பானையப் பாத்துல்ல வாங்குனாங்க!"

சிரிப்பு நின்றது. அவர் சொன்னது ஊர் மொத்தத்துக்கும் பொருந்தும். நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஸ்கீ படித்தவர்கள். உருளை ஓட்டிச் சமன் செய்த சரிவில், ஆசிரியர் கட்டையை நெற்றிக்கு நேரே நிறுத்தி அளந்தாரே, அதுதான் எங்களுக்குச் சாகும்வரை அளவு. ஆழப்பனியில் கட்டைதான் படகு, அதன் மேல் ஏறுகிற பாரத்துக்குத் தக்க நீளமும் அகலமும் வேண்டும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பக்கமிருந்து ஒனோதெரா அண்ணனின் குரல் வந்தது. "சரி. உன் பானைக்குத் தக்க கட்டையத் தேடிப் புடி. பிர்ச் மரச் சரிவுல என் கண்ணு முன்னால இறங்கிக் காட்டு. விழாம இறங்குனா மேல வா. விழுந்தா தெர்மோஸ்தான்."

தெர்மோஸ் என்னவோ தண்டனை மாதிரி இருவரும் பேசியதில் எனக்குக் கோபம். இரண்டு நாள் ஒனோதெரா அண்ணனுக்குச் சில்லறையை மேசையில் வீசித்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அக்காவின் தேடலுக்கு என் வாசல்தான் சந்தை ஆனது. மலையிலிருந்து நேராகக் குளிக்க வருகிறவர்கள் கட்டைகளை வாசல் சுவரில் சாய்த்து வைப்பார்கள். அக்கா முள்ளங்கி பொறுக்குவது போல் ஒவ்வொன்றையும் தூக்கி, வளைத்து, நடுவில் உள்ளங்கையை வைத்து அகலம் பார்ப்பார். பிறகு உரியவர் குளித்து வரும்வரை காத்திருந்து, "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் குடு, வேற எதுவும் வேணாம்" என்பார். பள்ளிக்கூடத்தில் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், மறுக்க வாய் வராது.

முதலில் வகாசாவின் நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர் கட்டை. திங்கட்கிழமை இடது கண்ணைச் சுற்றி நீலம் பூத்து வந்தார். "தெறந்த சரிவுல பறக்குது சயோ! ஆனா மரத்தக் கண்டா திரும்ப மாட்டேங்குது, நேராப் போயிக் கட்டிப்புடிக்குது." அடுத்தது நூற்று ஐம்பத்தெட்டு. மரங்களுக்கு நடுவில் நாய்வால் மாதிரி ஆடித் திரும்பியதாம். ஆனால் வேகமெடுத்தால், மற்றவர்கள் உழுதுவிட்டுப் போன பனியில் தையல் இயந்திரம் போல் உதறியதாம். "குதிரைத்தோள்ல இதப் போட்டா என் பல்லுதான் கொட்டும்."

வகாசா நல்லவன், ஆனால் சாமானியத்தில் விடமாட்டான். "அக்கா, நூத்தி ஐம்பதுக்கு மேல உங்களுக்கு நான் விக்கவே மாட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையக் கேக்கும்" என்று என் வாசலில் நின்று சொன்னான். அதற்குப் பதில்தான் நான் முதலில் சொன்ன அந்த எடை நிறுக்கும் காட்சி. மறுநாள் அக்கா அவன் கடைக்குப் போய், ஊரில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளர் தன் எடையைக் கூட்டிச் சொன்ன அதிசயத்தை நிகழ்த்தினார். "எழுபத்தாறு கிலோ ஆளு ஒருத்தரு உள்ள வந்தா எத எடுத்துக் குடுப்ப? அத எனக்குக் குடு. உயரத்த மறந்துரு." வகாசா கட்டை அடுக்கின் பக்கம் போனானாம்.

அவன் எடுத்துத் தந்தது நூற்று அறுபத்தெட்டு. காலுக்கடியில் உள்ளங்கையைவிட அகலம். முனை தோணிமூக்கு போல் நீளமாக மேல்நோக்கி வளைந்தது. ஆழப்பனியில் முழு நீளமும் மிதக்கும், மரத்திடையே நடுப்பகுதி மட்டும் கடித்துச் சட்டென்று திரும்பும். அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் போனபோது, பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குக் கட்டை தானே நடந்து போவது போலிருந்தது. ஞாயிறு தவறாமல் அதோடு மலைக்குப் போனார். பிர்ச் சரிவில் ஒனோதெரா அண்ணன் முன்னால் இறங்கிக் காட்டிய நாளில் நான் அங்கே இல்லை. அன்று மாலை நடுச்சுவருக்கு மேலாக ஒரு வரி மட்டும் வந்தது.

"பனி வுட்டதும், விடியல்ல கிளம்புறோம். பிந்தாத."

அக்கா அன்று காப்பிப்பால் இரண்டு புட்டி குடித்தார்.

அந்தக் காலை வந்தது. காற்று இல்லை. காட்டுப்பாதை ஓரத்தில் தெர்மோஸை மடியில் வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் பார்த்தேன். உச்சியில் ஐந்து புள்ளிகள். எது குட்டையோ அது அக்கா. ஒருவர் பின் ஒருவராக இறங்குவது வழக்கம், ஒருவர் பாதுகாப்பான மேட்டுக்குப் போகும்வரை அடுத்தவர் அசையக்கூடாது. அண்ணன் எப்போதும் கடைசி. அக்காவை அவர் தனக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்.

மூவர் வந்து சேர்ந்தார்கள். பிறகு குட்டைப் புள்ளி அசைந்தது. ஒரே ஒரு திருப்பம். தானே கிளப்பிய பனிப்புகைக்குள் மறைந்துவிட்டார். அந்தப் புகை போன வருடம் அவர் முங்கிய இடத்தையும் மூடியது. இறங்கி வந்திருந்த வகாசா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான், அவன் விற்ற கட்டை அல்லவா. புகை விலகவில்லை. தெர்மோஸ் மூடியை நான் எதற்குத் திருகிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

புகைக்குக் கீழே, வெகு கீழே, இரண்டு தோணிமூக்குகள் பனிக்கு மேலே வந்தன. அதற்குப் பின்னால் அந்தப் படகோட்டித் தோள்கள். பரந்த, நிதானமான திருப்பங்கள். மற்றவர்கள் பத்து முறை திரும்பிய இடத்தில் அவர் ஐந்தே முறை திரும்பினார். அடிவாரத்துச் சமவெளியில் ஆண்கள் கம்பு ஊன்றித் தள்ளித் தள்ளி வந்த தூரத்தை, வந்த வேகத்திலேயே வழுக்கிக் கடந்து என் முன்னால் நின்றார். புருவம் முழுக்கப் பனி.

"அக்கா!" என்றேன். தெர்மோஸ் மூடியில் சூப்பை ஊற்றி நீட்டினேன்.

"சூப்பு சூடா இருக்கா?" என்றார்.

ஒனோதெரா அண்ணன் கடைசியாக வந்து சேர்ந்தார். தன் கட்டைகளைக் கழற்றிப் பனிக்கரையில் நட்டார். தொப்பியைக் கழற்றி நுனியில் மாட்டினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, தன் கட்டைக்குப் பக்கத்துப் பனியைக் காலால் மிதித்து இடம் செய்தார்.

அக்கா தன் கட்டைகளை அங்கே நட்டார். முழங்கால் வரை பனியில் புதைந்து நின்றபடி தொப்பியைக் கழற்றினார். கையை முழுக்க நீட்டினார். நுனி எட்டவில்லை. "குடுங்க, நான் மாட்டுறேன்" என்று வகாசா கையை நீட்டினான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டார். இரண்டு கையாலும் பனியைக் குவித்து, அதன் மேல் ஏறி நின்று, குதிகாலைத் தூக்கி, தொப்பியை மாட்டினார்.