கத்தாத ஆல்பர்ட்டின் கேசட்

பிடித்த பாடகர் வழக்கத்தை விட்டுத் தனியாக ஒரு ஆல்பம் போட்டுவிட்டார் என்று இன்று காலையிலிருந்து இங்கே இன்டர்நெட்டில் ஒரே சண்டை!

(நாங்கள் இந்தச் சண்டையை இன்டர்நெட் வருவதற்கு முன்பே நேருக்கு நேர் போட்டு முடித்தவர்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். திருச்சி கைலாசபுரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீடு. நான் டைப்பிஸ்ட் வேலைக்குப் புதிதாகப் போய்க்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் ஜோசப்புக்குத் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் போக மிச்ச நேரமெல்லாம் ஆல்பர்ட்டின் ரசிகன்!

ஆல்பர்ட் ஒரு ராக் பேண்டின் பாடகர். எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸுக்குப் பதிலாக ஒரு இரும்புப் பீப்பாய், ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவின் இரைச்சல். இவ்வளவுக்கும் மேலே அவர் இங்கிலீஷில் தொண்டை கிழியக் கத்துவார்.

"சோதனை முயற்சி" என்பார்.

(என் அம்மா அதில் முதல் வார்த்தையை மட்டும் ஒப்புக்கொள்வார்.)

அப்படிப்பட்டவர் பேண்டை ஓரமாக வைத்துவிட்டு, தனியாக ஒரு கேசட் பதிவு செய்தார். ஒரு ஆர்மோனியம், ஒரு குரல். அவ்வளவுதான். அதுவும் தமிழில்!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவரே கேசட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணனும் நண்பர்களும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வாசற்படி அருகே நின்றேன்.

முதல் பக்கம் ஓடி முடிந்தது.

அண்ணனின் நண்பர் ரங்கன்தான் முதலில் ஆரம்பித்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். கோவில் கைங்கரியக் குடும்பம். லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ராக் கேட்க வருபவர்!

"ஏன்டா ஆல்பர்ட், எங்காத்துல கார்த்தாலேர்ந்து எல்லாரும் நிதானமாத்தான் பாடிண்டிருக்கா. அதுலேர்ந்து தப்பிச்சு உன்கிட்ட வந்தா, நீயும் நிதானமா பாடறியே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்பர்ட்டும் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"பேண்டை விட்டுட்டியா? நேரா சொல்லு."

"விடலடா. இது தனியா பண்ணிப் பார்த்தது. அடுத்த மாசம் ஹால் கச்சேரியில முதல்ல இதுல ரெண்டு பாட்டு, அப்புறம் பேண்டு."

"இதைப் பாடுனா நாங்க யாரும் வர மாட்டோம்."

அது சும்மா மிரட்டல் இல்லை. டிக்கெட் விற்பதும் ஆட்களைத் திரட்டி வருவதும் இவர்கள்தான். ஆல்பர்ட்டின் முகம் சுருங்கிவிட்டது.

"இத்தனை வருஷமா கத்துறேன். நான் பாடுனதுல ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாராவது சொல்லுங்கடா பார்ப்போம்."



ரங்கன் மட்டும் யோசித்து யோசித்து, "நடுவுல 'ஹக்... ஹக்...'னு ஒரு எடம் வருமே, ரொம்ப நன்னாருக்கும்" என்றார்.

"அது நான் இருமுனதுடா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நின்ற இடத்திலேயே பாடினேன்:

"மழை நின்னு போச்சு, குடை மட்டும் விரிஞ்சிருக்கு..."

அப்போதுதான் கேட்ட கேசட்டின் மூன்றாவது பாட்டு. ஒரு தடவை கேட்டதிலேயே வரி மனதில் ஒட்டிக்கொண்டது.

"ஸ்டெல்லா, போய் டீ போடு" என்றான் அண்ணன்.

"டீ அப்புறம். கேசட்டைத் திருப்பிப் போடுண்ணே. பாதி கேட்டுட்டு என்ன தீர்ப்பு?"

ஆல்பர்ட் என்னைப் பார்த்தார். "நிஜமாவே பிடிச்சிருக்காம்மா?"

"எல்லாம் இல்லீங்கண்ணே. ரெண்டாவது பாட்டு ஒரே இழுவை. ஆனா இந்தப் பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. மேடையில பாடுங்க. யாரும் வரலைன்னாலும் நான் வரேன்."

அவரே கேசட்டைத் திருப்பிப் போட்டார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கச்சேரி அன்றும் "நான் வரல" என்றே சொன்னான். நானும் அம்மாவும் போனோம். பாதி ஹால் காலி.

ஆல்பர்ட் ஆர்மோனியத்தோடு தனியாக உட்கார்ந்தார். குடைப் பாட்டைத் தொடங்கினார்.

பின்வரிசையில் சில பையன்கள் விசில் அடித்தார்கள். "கிட்டாரை எடுங்க சார்!" என்று கூச்சல் போட்டார்கள். அவர் குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

நான் எழுந்து ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தபோது பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

"டேய், வாயை மூடுங்கடா! வார்த்தை கேக்கல!"

திரும்பிப் பார்த்தால், அண்ணன்!

பக்கத்திலேயே ரங்கன், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மொத்த ஹாலையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

ஹால் அடங்கியது. ஆல்பர்ட் முதல் வரியிலிருந்து மறுபடி பாடினார். இந்த முறை கடைசி வரை.

கேசட் ஒன்றும் பெரிதாக விற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கச்சேரிகள் எல்லாமே ஆர்மோனியத்தில்தான் தொடங்கின.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணனிடம் கேட்டேன்.

"பாட்டு பிடிச்சுதாண்ணே?"

"பிடிக்கல."

நாலு எட்டு நடந்து என் பக்கம் திரும்பினான்.

"அதுக்காக, நம்மாளு பாடுறப்ப எவனாவது கத்துனா கோவம் வராதா?"

நீங்களே சொல்லுங்கள் மக்களே, இதற்குப் பெயர் பிடிக்காமல் போவதா?!