அகலம் முந்நூறு

அலுவலகத்தில் அந்த அம்மாளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. இருபத்திரண்டு வருடங்களாக, பிறர் போட்ட உத்திரக் கணக்குகளைச் சரிபார்க்கிறார். போட்டவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஓர் உத்திரத்திலும் கான்கிரீட் விழாது.

அவருடைய கணவரும் பொறியாளர்தான். பதினான்கு மாதமாகத் தொலைவில் ஒரு கட்டட வேலை. வீட்டில் சாப்பாட்டு மேசையின் கால் ஆடுகிறது. 'வந்து பார்க்கிறேன்' என்று சொல்லிப் போனவர். அதற்குள் அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்த காகிதத்தை சல்லடை மூன்று தடவை மாற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கணவரின் கணக்கு வந்தது. கூரை உத்திரங்கள். இன்று கையெழுத்தானால் நாளை கான்கிரீட், ஞாயிறு அவர் வீடு திரும்பும் ரயில். டிக்கெட்கூட எடுத்தாயிற்று.

நாலாம் பக்கத்தில் பேனா நின்றது. உத்திரத்தின் மேல்பலகை தொள்ளாயிரம் மில்லிமீட்டர் அகலம்; அதைத் தாங்கும் தண்டு முந்நூறுதான். இரண்டும் சேரும் இடத்தில், கூட்டம் குறுகிய வாசலில் நெரிவதுபோல, உத்திரத்தை அறுக்கப் பார்க்கும் வெட்டுத் தகைவு சட்டென்று ஏறும். அங்கே விசையை முந்நூறால் வகுக்க வேண்டும். கணவர் தொள்ளாயிரத்தால் வகுத்திருந்தார். உண்மையான தகைவு மூன்று மடங்கு; அனுமதித்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது.

"என்னக்கா, சல்லடையில கல்லு சிக்கிடுச்சா?" என்றார் பக்கத்து மேசை வரைபடக்காரர்.

"மலையே சிக்கியிருக்கு தம்பி."

மறுபடி போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். எண் அசையவில்லை. கணவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"என்னங்க, நாலாம் பக்கம். சேர்ற இடத்துல அகலம் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

எதிர்முனையில் கலவை இயந்திரம் உறுமியது.

"தொள்ளா... அய்யய்யோ."

"முந்நூறு."

"வீட்டுக்கு வர்ற அவசரம். கண்ணு தெரியல."

"எனக்கும் தெரியாம இருக்கக்கூடாதான்னுதான் மூணு தடவை பாத்தேன்."

"நாப்பது உத்திரம். கம்பி வளையத்தையெல்லாம் பிரிச்சு, நெருக்கிக் கட்டணும். மூணு வாரம் போயிடும்டி."

"தெரியும்."

"நீ பேசாம கையெழுத்து போட்டிருந்தா ஞாயித்துக்கிழமை வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கதவத் திறப்பேன்?"

கணவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. சல்லடை சிவப்பு மையில் முந்நூறு என்று எழுதி வட்டமிட்டு, தாளைத் திருப்பி அனுப்பும் தட்டில் வைத்தார்.

"மேசை இன்னும் ஆடுதா?" என்றார் கணவர்.

"ஆடுது."

"வேற ஆளக் கூப்பிட்டு சரிபண்ணிடாத."

"மாட்டேன்," என்றார் சல்லடை.